மோரிப் கடற்கரையில் ஆளில்லாத படம்

மலேசியாவின் கிள்ளான் நகரில் சிவநேசன் படம் பிடிக்காத தமிழ்க் கல்யாணம் குறைவு. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவையே நகரச் சொல்லி அதட்டும் தைரியம் வேறு யாருக்கு வரும்? பக்கத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி அவர் மனைவி சீதாலெட்சுமி நிற்பாள். கை வலிக்கிறதென்று அவள் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஆனால் மனிதரின் உயிரெல்லாம் இராத்திரி வானத்தின் மேல்தான். நிலா இல்லாத நாள் பார்த்து மோரிப் கடற்கரைக்குக் காரை விடுவார். கடல் உள்வாங்கிய ஈர மணலில் முக்காலியை ஊன்றி, கேமராவின் கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்தால், துறைமுக வெளிச்சத்துக்குத் தப்பிய நட்சத்திரங்கள் மெல்லப் படத்தில் ஏறும். சீதாலெட்சுமியும் கூடவே போவாள். இருட்டில் வழுக்கி விழுந்துவிடப் போகிறாரே என்று கையில் டார்ச்லைட், பிளாஸ்கில் காப்பி.

"சீதா, லைட்ட அடை லா. படம் கெட்டுப் போவுது."

"சரி சரி, அடைச்சிட்டேன். காப்பி ஆறுது, குடிங்க."

நடமாடும் ஆள் அத்தகைய படத்தில் பதிவதில்லை. அவள் கைவிளக்கு மட்டும் மணலில் ஒரு கோடாக விழும். வீட்டுக்கு வந்ததும் கணினியில் அதைத் துடைத்துவிட்டு, மூலப்படத்தையும் அழித்துவிடுவார். இடத்தை அடைக்கிறதாம்.

ஒரு நாள் காலையில் சமையலறையில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"அப்பா, பதினாறாம் நாளுக்கு அம்மா போட்டோ நல்லதா ஒன்னு குடுங்க. பிரேம் போட்டு மாலை போடணும்," என்றாள் மகள் விஷ்ணுப்ரியா.

போட்டோக்காரன் வீட்டில் போட்டோவுக்கா பஞ்சம்? அவர்களுடைய கல்யாண ஆல்பம், முன்பு ஸ்ரீ மூடாவில் குடியிருந்தபோது வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தோடு போயிருந்தது. ஊரார் கல்யாணங்களில் எங்காவது ஓரத்தில் இருப்பாள் என்று தேடினார். வெளிச்சம் பிடித்தவள் படத்தில் எப்படி இருப்பாள்? அவளுடைய போனில் மகள் இருந்தாள், பூனை இருந்தது, முக்காலிக்குப் பின்னால் குனிந்த சிவநேசன் விதவிதமாக இருந்தார்.

கடைசியாக மோரிப் படங்களைத் திறந்தார். ஒவ்வொன்றிலும் மணலைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் வேண்டாம், அந்த ஒரு கோடாவது இருக்கக் கூடாதா? எதிலும் இல்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை. பாவி, இப்படியா துடைப்பேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அடையாள அட்டையில் இருந்த துளி முகத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினார்கள். கண்ணும் வாயும் கலங்கி, யாரோ ஒரு பெண் மாலைக்குள் இருந்தாள். சிவநேசன் அந்தப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மேலேயே, பரிசு வாங்கிய மோரிப் படம் தொங்கியது. துக்க வீட்டில் எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று பக்கத்து வீட்டு ரமணி அதைப் பார்த்தாள்.

"நீங்க எடுத்ததாண்ணே? எவ்ளோ சுத்தமா இருக்கு. ஒரு ஆள்கூட இல்ல."

"ஆமாம்மா," என்றார் சிவநேசன். "நான்தான் தொடச்சேன்."