கருகாத காயின் கருகல் வாசம்

எழுபதுகளின் நடுவில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஸ்டோர் என்றால் சாமான் விற்கிற கடை இல்லை. பறித்து வந்த பச்சைக் காயைக் கம்பி வலைத் தட்டுகளில் பரப்பிக் காய வைக்கிற கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும்; அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே வரும். சூடு கூடினால் காய் வெடித்துக் கருத்துப் போகும். குறைந்தால் வெளுத்துப் பூசணம் பிடிக்கும். சூடு பார்க்க முதலாளி தெர்மாமீட்டர் மாட்டி வைத்திருந்தார். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், விறகை உள்ளே தள்ளவா வெளியே இழுக்கவா என்று சொல்லிவிடுவேன். அடிவாரத்துக் கம்பம் ஊரிலிருந்து மேலே வரும்போதெல்லாம் முதலாளி என் மூக்கைப் பற்றித்தான் நாலு பேரிடம் பெருமையடிப்பார். எனக்கும் தலைக்கனம் கொஞ்ச நஞ்சமில்லை.

அந்த ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் குப்பென்று கருகல் வாசம் அடித்தது. லேசாக இல்லை, மொத்தத் தட்டும் தீய்ந்த மாதிரி. ஓடிப்போய் அடுப்பிலிருந்து விறகையெல்லாம் இழுத்துப் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே போய்ப் பார்த்தால் காய் பச்சைப்பசேலென்று கிடக்கிறது! முன் அறையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியிடம் கேட்டேன்.

"ஏய், கருகுற வாசம் அடிக்குதா?"

அவள் தலையைத் தூக்கி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, லேசா அடிக்குது" என்றாள்.

அவ்வளவு போதாதா எனக்கு? தேட ஆரம்பித்தேன். குழாய் மேல் சாக்கு விழுந்திருக்குமோ, எலி விழுந்து செத்திருக்குமோ என்று குழாயை முழுக்கப் பிரித்துப் போட்டேன். ஒரு மண்ணும் இல்லை. மூட்டுக்கு மூட்டு களிமண் அப்பி மறுபடி மாட்டினேன். மறுநாள் மறுபடியும் அதே வாசம். விறகை மாற்றினேன். கூரை ஓட்டைப் பிரித்தேன். சோறு தின்னும்போது அடித்தது, குளிக்கும்போது அடித்தது. எங்கள் வீடு ஸ்டோருக்கு எதிரிலேயே இருந்ததால், காற்றுதான் கொண்டுவருகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். உட்கார்ந்தால் உட்கார முடியாது, படுத்தால் படுக்க முடியாது. நாய் மாதிரி நாள் முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு தடவையும் அவளிடம் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் "ஆமாங்க" என்பாள்.

தீயை இப்படி அடிக்கடி அணைத்தால் காய் என்னாகும்? வெளுத்துப் போனது. முதலாளி வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"என்னய்யா இது, மொச்சக்கொட்டையாட்டம் வெளுத்துக் கெடக்கு? தண்ணி கிண்ணி போடுறியா?"

வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவனில்லை நான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கருகல் வாசம் அடிக்கிறது முதலாளி என்று சொன்னேன். அவரும் உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடுத்த பறிப்புக் காயும் இப்படிப் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வேலை போனால் வீடும் போகும். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மழையில் எங்கே போவது?

குழாயிலேதான் கோளாறு என்று முடிவு கட்டி, என் செலவிலேயே புதுத் தகரம் வாங்கக் கம்பத்துக்கு இறங்கினேன். நானும் வருகிறேன் என்று அவளும் கூடவே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பூக்கடை ஓரமாக நடக்கும்போது குப்பென்று அடித்தது. அதே வாசம், அதே கருகல். மலை எங்கேயோ இருக்கிறது, ஸ்டோர் எங்கேயோ இருக்கிறது. பழக்க தோஷத்தில் அவளிடம் திரும்பி, "உனக்கு அடிக்குதா?" என்றேன்.

"ஆமாங்க, அடிக்குது."

"என்ன வாசம்?"

"அதாங்க... காய் கருகுற வாசம்."

"இங்க ஏதுடி காய்?"

அவள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "எனக்கு ஒரு நாளும் அடிக்கலங்க. இல்லேன்னு சொன்னா உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு லயத்துல வீட்டுக்கு வீடு பேசுவாங்க. நீங்களே அப்பிடி நெனச்சு ஒடஞ்சு போயிருவீங்களோன்னு பயமாப் போச்சு."

கோபம் மண்டைக்கு ஏறியது. அத்தனை குழாயையும் பிரித்தது இவள் வார்த்தையை நம்பித்தானே! பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. அப்படியானால் வாசம் எனக்கு மட்டும்தானா? நிஜமாகவே எனக்குப் பைத்தியம்தானா? அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்தாள்.

"எம்புட்டு வேணா திட்டுங்க. மொதல்ல டாக்டர்கிட்ட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நல்லவேளை, அங்கே போய்ச் சேர்ந்தபோதும் வாசம் விடவில்லை. டாக்டர் வலது மூக்கை மூடச் சொன்னார். வாசம் அடித்தது. இடது மூக்கை மூடச் சொன்னார். நின்றுவிட்டது! பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். இடப் பக்கம் மேல்வரிசையில் ஒரு கடவாய்ப்பல் சொத்தையாகிக் கிடந்தது. வலிக்கும்போதெல்லாம் கிராம்பை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் சீழ் மேலே ஏறி மூக்கை ஒட்டிய எலும்புப் பொந்துக்குள் தங்கிவிட்டதாம்; அந்த நாற்றம்தான் எனக்குக் கருகலாக அடித்ததாம். "பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல, பல்லுய்யா" என்றார். அவள் சிரித்தாள், அழுதாள், எதைச் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பல்லைப் பிடுங்கி, மருந்து சாப்பிட்டு, முதலாளி வீட்டுக்கே போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இனி மூக்கை நம்ப முடியாது, வைப்பதும் அனுப்புவதும் உங்கள் இஷ்டம் என்றேன். "அப்ப தெர்மாமீட்டரப் பாத்து வேலை செய்யி. அத என்ன அழகுக்கா மாட்டியிருக்கேன்?" என்றார். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். காய் நன்றாகவே வந்தது.

வாசம் அதோடு அடியோடு போய்விடவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் சளி பிடித்தால் எப்போதாவது எட்டிப் பார்க்கும். உடனே நெஞ்சு படபடக்கும், கண் குழாயைத் தேடும். அவளிடம் கேட்பேன். செய்கிற வேலையை நிறுத்தாமல், "இல்லங்க, ஒண்ணும் அடிக்கல" என்பாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் போட்ட அத்தனை ஆமாமும் என்னைத் தனியாக அலையவிட்டது. அந்த ஒரு "இல்லங்க" காதில் விழுந்ததும், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று என் மூச்சு தானாகச் சீராகிவிடுகிறது.