மூடியிருக்க வேண்டிய தட்டுகள்

ஹட்டனுக்கு மேலே ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் பத்து வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இருந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிஸ் ஒருவர் அங்கே தன் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தார். கண்ணாடியாக இறுகக்கூடிய ஒரு திரவத்தில் எரிசாராயம், தண்ணீர், சில சொட்டு அமிலம் விட்டுக் கலக்குவார். பிறகு பிளாஸ்டிக் பசை ஒன்றைக் கரைத்து ஊற்றுவார். தட்டுகளில் விட்டால் மறுநாள் கட்டி வில்லைகளாக உறைந்துவிடும். "மிஸ்ஸோட தயிரு உறைஞ்சிருச்சாப்பா?" என்று காவல்காரர் என்னிடம் கேலியாகக் கேட்பார்.

உறைவது பெரிதல்ல, காய்வதுதான் பெரிது. பசை சேர்ந்த வில்லை காயும்போது வெடித்துப் பிளக்காது என்று மிஸ் காட்ட வேண்டும். ஊசித் துளை போட்ட தாளால் தட்டுகளை மூடி ஒரு மாதமாக மெல்லக் காயவைத்திருந்தார். அதை வைத்துத்தான் பட்டத்துக்கான அறிக்கை. அதைக் கொடுக்க வேண்டிய தவணை முடிய ஆறு வாரமே இருந்தது.

அவர் கண்டிக்குப் போயிருந்த மூன்று நாளும் மழை. தாள்களின் உட்புறம் வியர்த்திருந்தது. ஈரக் கொழுந்தை மூடிவைத்தால் புழுங்கிக் கெட்டுவிடும்; பரப்பிக் காற்று விட வேண்டும். என் கைக்குத் தெரிந்தது அதுதான். எல்லாத் தாளையும் எடுத்துவிட்டு மின்விசிறியைப் போட்டேன். பின்னேரம் தட்டுகளிலிருந்து டிக், டிக் என்று சன்னமாகச் சத்தம் வந்தது. வில்லைகள் ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டிருந்தன. பழையபடி மூடிவைத்தேன்.

மிஸ் வந்து தாள்களை நீக்கி, பிளந்த வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"அண்ணை, ஆரும் இதைத் திறந்தவையோ?"

"இல்லைங்க மிஸ்."

அவர் மறுபடி கேட்கவில்லை. பசையின் அளவுதான் பிழை என்று நினைத்து, அளவைக் கூட்டி மீண்டும் ஊற்றினார். அது திரிந்த பால்போல் ஆனது. இன்னொரு முறை மாற்றினார். அது காயுமுன் தவணை முடிந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் அவர் மேசைவரை போவேன். "என்ன அண்ணை?" என்பார். போத்தல்களை எடுக்கவா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பட்டம் இல்லாமலே ஊருக்குப் போனார். போகுமுன், நான் சாமான்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்பவன் என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து அடுத்த மாதம் எனக்கு வேலையை நிரந்தரமாக்கினார்கள்.