பிள்ளைகள் யார் பேரில்

தினேஸ்வரி கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் பிரிக்க மாட்டாள். உறையைத் திருப்பிப் பார்ப்பாள். ‘கோகிலன் குடும்பத்தினர்’ என்றிருக்கும். “நான்தான் இந்தக் குடும்பத்தினரு” என்பாள், பத்திரிகை கொண்டுவந்தவர் முகத்துக்கு நேராக. வீடு புருஷன் கோகிலன் பேரில், கார் கோகிலன் பேரில், தண்ணீர் பில்லும் அவர் பேரில். ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். மற்ற பெண்களுக்கு உறையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியதில்லை.

கையுறைத் தொழிற்சாலையில் அவள் சூப்பர்வைசர். போன வருடம்தான் பதவி உயர்வு. சம்பளத்தில் முதன்முதலாக வரி பிடித்தபோது வேறு யாராக இருந்தாலும் ஒரு மூச்சு புலம்பியிருப்பார்கள். இவள் பக்கத்து வீட்டிலிருந்து வேலியோரம் வந்து நின்று, “நானும் வரி கட்டுறேன்லா அக்கா” என்றாள். அந்தப் பூரிப்பைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சல். நான் தனிக்கட்டை. பட்ஜெட்டில் பிள்ளைக்கு வரிக்கழிவு, பாலர் பள்ளிக்குக் கழிவு என்று வாசிக்க ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிடுகிற ஜாதி.

தொழிற்சாலை கேண்டீனிலும் இந்த வருடம் வரியைப் பற்றித்தான் வாக்குவாதமாம். உழைக்கிற குடும்பங்களுக்கு வரியைக் குறை என்று ஒரு மேசை. குறைத்தால் பெரிய சம்பளக்காரனுக்குத்தான் லாபம், கையில் காசாகக் கொடு என்று இன்னொரு மேசை. கூட்டிப் பெருக்கும் மாரியம்மா, தான் வரியே கட்டுவதில்லையே, தனக்கு எதைக் குறைப்பார்கள் என்று கேட்டாராம். தினேஸ்வரியின் வழக்கு வேறு. பிள்ளைகளுக்கான கழிவு வருடா வருடம் புருஷன் கணக்கிலேயே போவானேன்? “பத்து மாசம் சுமந்தது நானு. கழிவு மட்டும் அவருக்கா?”

கோகிலன் சண்டைக்காரராகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். மனுஷர் ஐந்து மணிக்கெல்லாம் வேலையிலிருந்து வந்து, பிள்ளைகள் இருவரையும் டியூஷனுக்கு ஏற்றிப் போய், வரும் வழியில் மைலோ வாங்கிக் கொடுப்பவர். அவளுக்கோ ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். கூடத்தில் மூவரும் எதற்காவது சிரித்தால், பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பார்கள். அதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். லூமுட் கடற்கரையிலிருந்து வந்த மீன். வரிக் கணக்கை அனுப்பும் சமயம். இந்த முறை ஆளுக்கொரு பிள்ளையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கோகிலனே சொன்னார். சட்டத்திலும் இடமுண்டு. வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதானே? இவள் பிள்ளைகளிடம் கேட்டாள்.

“யாரு என் பேர்ல வாரீங்க?”

மகன் தனேஷ் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “நான் அப்பா பேர்ல” என்றான். பதினான்கு வயது லோஷினி கொஞ்சம் யோசித்தாள்.

“எனக்கும் அப்பாவே இருக்கட்டும்மா. எப்பவும் அப்படித்தானே இருக்கு.”

கோகிலன் பதறிப்போனார். படிவத்தில் என்ன இருக்கிறது, இரண்டு பேரையும் உன் கணக்கிலேயே போட்டுக்கொள் என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. நான் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

தினேஸ்வரி மகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மீனைப் பிட்டு முள் எடுக்க ஆரம்பித்தாள். தனக்கே எடுக்கத் தெரியும் என்று லோஷினி தட்டைத் திரும்ப இழுக்கப் பார்த்தாள். தினேஸ்வரி இடது கையால் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முள்ளெல்லாம் போன பிறகும் அந்தச் சதையை விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டே இருந்தாள்.