பேருந்தைப் பிடிக்கும் கணக்கு

"நின்றிருந்த பேருந்து, நொடிக்கு நொடி ஒரு மீட்டர் முடுக்கத்துடன் கிளம்புகிறது. முப்பத்திரண்டு மீட்டர் பின்னால் இருக்கும் பயணி அதைப் பிடிக்கக் குறைந்தபட்சம் என்ன வேகத்தில் ஓட வேண்டும்?"

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்கை உரக்கப் படித்ததுமே எனக்குத் தொண்டையில் டீசல் புகை கரித்தது.

சென்னீர்குப்பம் பஸ் ஸ்டாப். எனக்கு ஒன்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் அம்மா, வழியில் என்னைப் பள்ளியில் விடுவாள். நாங்கள் போகும் பஸ்ஸின் டிரைவர் எப்போதும் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நிறுத்துவான். சாக்கடை ஓரமாக நாங்கள் ஓடிப்போய்ப் படியை நெருங்கும்போது, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை நகர்த்துவான். நிறுத்துவான். மறுபடியும் நகர்த்துவான். அம்மாவின் புடவைக் கரையெல்லாம் கறுப்புச் சேறு. பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு.

"இன்னாக்கா, இன்னும் கொஞ்சம் ஓடியா!" என்று கண்டக்டர் கூவுவான்.

ஒருவழியாக ஏறியதும் அம்மா மூச்சிரைக்க, அந்த டிரைவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பாள். "ரொம்ப தேங்க்ஸ் அண்ணாத்தே."

அவனைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அம்மாவின் அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்குக் குமட்டும்.

"அவங்கிட்ட போயி ஏம்மா இளிக்கிறே?"

"மூஞ்சிய தூக்கி வெச்சிகினா நாளைக்கு நிக்கவே மாட்டான்டி."

மகள் விடைக்குக் கீழே கோடு போட்டாள். "நொடிக்கு எட்டு மீட்டர் வேகம்மா. எட்டாவது நொடியில பஸ்ல ஏறிடுவாரு."

"ஏறினப்புறம் டிரைவரைப் பாத்துச் சிரிக்கணுமான்னு போட்டிருக்கா, பாரு" என்றேன்.