சரோஜா அக்கா கையில் நான் கட்டிய காப்பு

சரோஜா அக்காவின் உயிர் பிரிந்தபோது அருகில் இருந்தவர்கள்: கணவர் மாணிக்கம் அண்ணன், மகள் கவிதா, கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்த கையோடு வந்து சேர்ந்த மருமகன், வாயில் துளசி நீர் விட்ட பக்கத்து வீட்டு அம்மா. நான் இல்லை. மெர்கோங்கில் நம் கோயில் மண்டபத்தில் விளக்குப் பூஜைக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். கவிதா போனில், "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பள்ளி வேன் ஓட்டியவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி மெர்கோங் வந்தவர். விடிகாலையில் வேன் கதவைத் திறந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்விதான்: "பசியாறியாச்சா?" இல்லையென்று தலையாட்டும் பிள்ளையிடம் பிஸ்கட் டின் நீளும். "வயிறு காலியா இருந்தா வாய்ப்பாடு எங்கலா ஏறும்?" என்பார். வேகமாக ஓட்டுகிறீர்களே என்று நான் சொன்னதற்கு, "என் வேன்ல ஏறினா எமன்கூட பெல்ட் போடணும். நீ பேசாம உட்காரு," என்றார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பாராயணப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தமிழ் வந்தது. மாதர் குழுவின் கணக்கு என்னிடம். காசு ஒன்று இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று வரிசையாக நிற்கவைத்து ஆள் எண்ணிப் பேர் எழுதும் கிராணியை நினைத்து, அக்கா எனக்குக் கிராணியம்மா என்று பேர் வைத்தார். நான் மண்டபத்துக்குள் நுழைந்தால், "கிராணியம்மா வந்துட்டாங்க, எல்லாரும் பெரட்டுக்கு நில்லுங்கலா!" என்று கத்துவார். பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். நான் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்ற அந்தப் பெருமைதான் பின்னால் இவ்வளவும் செய்தது.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் கீமோ தொடங்கியது. முடி கொட்டிய தலையைத் தடவிக்கொண்டு, "பழனிக்குப் போகாமலே மொட்டை. முருகனுக்கு நான் கடன் இல்ல," என்று சிரித்தார். மருந்து ஏற்றிய மறுநாள் வாந்தி எடுத்தாலும் கஞ்சி குடித்து எழுந்துவிடுவார்.

அந்த நாட்களில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு 'டீடாக்ஸ்' வகுப்பு நடந்தது. பச்சைக் காய்கறிச் சாறும் குடல் கழுவுதலும் உடம்பின் நச்சை வெளியேற்றும், கீமோவின் சூட்டையும் தணிக்கும் என்றார் வகுப்பு நடத்த வந்தவர். அதை இன்று நான் நம்பவில்லை. ஆனால் களைப்பாக இருந்தால் உடனே நிறுத்துங்கள், டாக்டரிடம் கேளுங்கள் என்றும் அவர் சொல்லத்தான் செய்தார். நிறுத்த முடியாததாக அதை மாற்றியவள் நான்.

"சும்மா குடிச்சா பாதியில விட்டுருவீங்க அக்கா. விரதமா எடுத்துக்குங்க," என்றேன். அம்மன் சந்நிதியில் மஞ்சள் நனைத்த கயிற்றை அவர் கையில் காப்பாகக் கட்டினேன். ஒரு மண்டலத்துக்குச் சாறு மட்டும், சோறு இல்லை. "டாக்டர்கிட்ட வாய திறக்காதீங்க. அவங்களுக்கு நம்பிக்கை இருக்காது."

அக்கா மெலிந்தார். ரத்தம் போதவில்லை என்று அடுத்த கீமோவைத் தள்ளி வைத்தார்கள். அன்று துணைக்குப் போனவள் நான். "என்ன சாப்பிடுறீங்க ஆன்ட்டி?" என்று கேட்டார் அந்தச் சின்ன வயது டாக்டர். அக்கா என்னைப் பார்த்தார். "சோறுதான் டாக்டர். வேணும்னா கிராணியம்மாவக் கேளுங்க." டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.

ஒரு வாரத்தில் காய்ச்சலோடு வார்டில் சேர்த்தார்கள். ஊசிக்கு இடைஞ்சல் என்று காப்பை வெட்டப் போன நர்ஸ் மிஸ்ஸியை அக்கா விடவில்லை. கட்டினவள்தான் அவிழ்க்க வேண்டும் என்றாராம். கஞ்சியையும் தொடவில்லை. கவிதா போன் செய்து அழுதாள். "இன்னும் கொஞ்ச நாள்தான் பொறுத்துக்கச் சொல்லும்மா," என்றேன் நான். விரதம் முறிந்தால் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். மறுநாள் மாலைதான் போனேன்.

காப்பை அவிழ்த்தேன். கயிறு தளர்ந்து முழங்கை வரை ஏறக்கூடியதாக இருந்தது. கவிதா இரண்டு கரண்டி கஞ்சி ஊட்டினாள். விழுங்கிவிட்டு அக்கா சொன்னார்: "மாரியம்மா கஞ்சி ஊத்துறவ, கிராணியம்மா. அவ யாரையாவது பட்டினி போடுவாளா?" குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் என்னைச் சுடுகிறது.

காய்ச்சல் இறங்கவே இல்லை. அக்கா வார்டிலேயே போனார்; கவிதாவின் போனுக்குப் பிறகுதான் நான் அங்கே ஓடினேன். இதனால்தான் இறந்தார் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, நோயும் கடுமையானது என்றார் டாக்டர். "ஆனா எதிர்த்து நிக்க உடம்புல பலமே இல்ல. சாப்பிடலன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க ஏதாவது செஞ்சிருப்போம்," என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் உடலை எடுத்துச் செல்லும் அன்று வாசலில் அவர் வேன் நின்றது. உள்ளே முன் சீட்டில் அந்த பிஸ்கட் டின். அக்கா, எத்தனையோ பிள்ளைகளின் பசியைப் பார்த்த உங்களைப் பட்டினியோடு அனுப்பியவள் நான். மன்னிப்புக் கேட்கும் வாய் எனக்கு இல்லை. போய் வாருங்கள்.

இனி எழுதுவது, அந்த ஞாயிறு வகுப்பில் எனக்குப் பழக்கமான, கூலிமில் இருக்கும் தங்கைக்கு. நீயும் கீமோவில் இருப்பவள். சரோஜா அக்காவுக்குக் கட்டிய சில நாட்களில் உன் கையிலும் நானே காப்புக் கட்டினேன். இப்போது போன் செய்தால் நீ எடுப்பதில்லை. "விரதம் முடியட்டும் அக்கா, பேசுவோம்," என்று மெசேஜ் மட்டும் வருகிறது. பாதியில் விட்டால் அம்மன் கோபிப்பாள் என்று நான் சொல்லிக் கொடுத்ததை நீ எனக்கே திருப்பிச் சொல்கிறாய். அது என் வாய்ச்சொல் அம்மா, அம்மன் வாக்கில்லை. கட்டினவளே அவிழ்க்க வருகிறேன். கஞ்சியும் கொண்டு வருகிறேன். பிறகு இருவருமாக உன் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லலாம். இந்த முறை நான் தலையாட்ட மாட்டேன், வாய் திறந்து பேசுவேன்.

எந்த நாள் வீட்டில் இருப்பாய்? இன்று பசியாறினாயா? இரண்டுக்கும் சீக்கிரம் பதில் சொல்.