இரவல் வடம்

சிவனம்மாள் உச்சிவெயிலில் தெருவில் இறங்கினால் பெண்கள் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வார்கள். தாடிக்கொம்புக்கு மேற்கே இருந்த அந்தச் சிற்றூரில் அவள் யாருக்கும் கெடுதல் செய்தவள் இல்லை. வருவாள், வாசலில் நிற்பாள், கமலை வடத்தை இரவலாகக் கேட்பாள், அவ்வளவுதான். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற அந்தத் தடித்த கயிறு அவளுக்கு எதற்கு என்பதுதான் பயம். அவள் கிணறு தூர்ந்து ஏழு வருடம் ஆகிறது. 'வடத்துக்காரி' என்று பேர்கூட வைத்துவிட்டார்கள்.

தூர்வதற்கு முன் அது மூன்று வருடம் வறண்டு கிடந்தது. புருஷன் சோலைமுத்து பேச்சை விட்டான். சோற்றில் கையை வைத்தபடி கிணற்றுப் பக்கமே பார்த்திருப்பான். கிணற்று முனி பிடித்துக்கொண்டது என்று நம்பி, அவனைத் தனியே விட்டுவிட்டுக் கோடாங்கியிடம் தாயத்து வாங்கப் போனாள். திரும்பும்போது கமலை உருளை கிரீச்சிடுவது வரப்பிலேயே கேட்டது. மாடுகள் இரண்டும் கொட்டத்தில் படுத்திருந்தன. ஓடினாள். அதற்கு மேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. சில நாள் உச்சியில் கேட்கும், ஏதாவது ஒரு திசையிலிருந்து.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆனியில் அது தெற்கேயிருந்து கேட்டது. தெற்கே கருப்புசாமியின் தோட்டம். அவன் மனைவி ஜக்கம்மாள் முதல் நாள்தான் ஊருணியில் புலம்பியிருந்தாள். கத்தரி கருகியதிலிருந்து மனுஷன் சோற்றுக்கு வெஞ்சனம் தொட்டுக்கொள்வதில்லை, ஆசையாய் வளர்த்த கிடாயை மச்சினனுக்குச் சும்மா ஓட்டிவிட்டான், வறண்ட கிணற்று மேட்டை விட்டு எழுந்திருப்பதில்லை.

சிவனம்மாள் போனபோது ஜக்கம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"ஒனக்கு எதுக்குக்கா வடம்? வேற வீடே கெடைக்கலையா?"

"இல்லேன்னு சொல்லிரு, போறேன்."

அப்படிச் சொல்ல முடியாது. வடம் கேட்டு வந்தவரிடம் இல்லையென்று சொன்னால் கிணற்றின் ஊற்றுக்கண் அடைத்துப்போகும் என்பது ஊர் நம்பிக்கை. இரவல் போன வடத்தை உடையவன் திருப்பிக் கேட்டாலும் அதே கதிதான். வாங்கினவரே தாமாகக் கொண்டுவர வேண்டும். சிவனம்மாள் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஜக்கம்மாள் விலகி வழிவிட்டாள். கிணற்று மேட்டில் கருப்புசாமியின் மடியில் வடம் சுருண்டு கிடந்தது.

"கொழுந்தனாரே, இம்புட்டுக் கனத்தை நான் எப்புடிச் சொமக்க? வீடு வரைக்கும் கொண்டாந்து போடுங்க."

அவன் திரும்பவில்லை. காற்று இல்லை, உருளையும் அசையவில்லை. ஆனாலும் கிரீச்சொலி அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. செத்த நேரம் பொறுத்து, "ஒங்களுக்கு ஏலலைன்னா ஜக்கம்மாவைக் கூப்பிடுறேன்" என்றாள். அவன் எழுந்தான்.

அவள் வீட்டுக்குள் பகலிலும் இருட்டு. சுவர் முளைகளில் வரிசையாக வடங்கள். காற்றில்லாமலே லேசாக ஆடின. கருப்புசாமி நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"யாரு வடம் மதினி, இதெல்லாம்?" பதினைந்து நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"காத்தமுத்துது. அது மேலத்தெரு அருளப்பனுது. இந்தா, இது ஞானராஜுது. எல்லாரும் இன்னிக்கும் கஞ்சி குடிச்சுக்கிட்டுத்தான் இருக்காக."

கடைசி முளையில் தொங்கியதற்கு மட்டும் அவள் பேர் சொல்லவில்லை. அது பாதியில் அறுத்த வடம். அவனும் கேட்கவில்லை. தன்னுடையதை அதற்குப் பக்கத்தில் மாட்டினான்.

"எங் கெணத்துல உருளை சுத்துற சத்தம் கேக்குது மதினி. தண்ணி இல்ல, மாடு இல்ல."

"எனக்கும் கேக்குது. உக்காருங்க. சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

பொழுது சாயும்வரை சொன்னான். மறுநாள் காத்தமுத்தும் அருளப்பனும் கடப்பாரையோடு அவன் கிணற்றில் இறங்கினார்கள். ஞானராஜ் மண் சுமந்தான். ஜக்கம்மாள் அடுக்களைக்கு ஒரு மூட்டைச் சோளம் போய்ச் சேர்ந்தது. யாரும் கூலி பேசவில்லை. கருப்புசாமியை ஒரு வேளையும் தனியே விடவுமில்லை.

ஐப்பசியில் மழை இறங்கி ஊற்றும் திறந்தது. கருப்புசாமி அவள் வாசலில் வந்து நின்று மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். வடத்தை வாய்விட்டுக் கேட்க முடியாதே. சிவனம்மாள் உள்ளே போய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"அன்னைக்கிக் கனம்னு சொன்னீக?"

"அன்னைக்கிக் கனந்தான்."

விடியலில் அவன் கமலை பூட்டினான். உருளைச் சத்தம் ஊர் எல்லை வரை கேட்டதாகச் சொன்னார்கள். சிவனம்மாள் தெற்கே பார்த்து நெடுநேரம் காதைக் கொடுத்து நின்றாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரோடு சுற்றுகிற உருளை எதுவும் அவளுக்குக் கேட்பதில்லை.