புளியமரத்திலிருந்து விழாதவர்

எனக்கு ஒன்பது வயதானபோது நீதிமன்றம் எனக்கொரு கடிதம் அனுப்பியது. சவ்வாது மலையில் எங்கள் பள்ளியில் வேறெந்தப் பிள்ளைக்கும் வாய்க்காத பெருமை அது. சாட்சி சொல்ல வரவேண்டிய அழைப்பாணை என்று ஆசிரியை படித்துச் சொன்ன நாள்முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லைப் புளியமரம் யாருடையது என்ற சண்டையில் என் தாய்மாமா, மேல்காட்டுப் பெரியப்பாவைத் துரட்டுக்கோலால் அடித்து வலக்கை எலும்பை முறித்திருந்தார். பார்த்தவள் நான் ஒருத்தியே. மருத்துவமனையிலிருந்து செய்தி போக, காவல்துறை வழக்குப் பதிந்தது. ஊரோ அதைத் தன் முறையில் தீர்த்துவிட்டது. மாமா பெரியப்பாவின் காலில் விழுந்தார். அவருடைய சாமையை அறுத்துக் களம் சேர்த்தார். இருவரும் ஒரே இலையில் உண்டனர். ஆனால் ஊர்த் தீர்ப்பை மலைக்குக் கீழே நீதிமன்றத்தில் வாய்திறந்து சொல்வதே குற்றமென்று எல்லாரும் நம்பினார்கள். ஆகவே பெரியப்பா மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்பது ஊரின் முடிவாயிற்று.

அடித்தவர், அடிபட்டவர், சாட்சி மூவரும் ஒரே பேருந்தில் மலையிறங்கினோம். அம்மா கட்டிவந்த களியை நால்வரும் பகிர்ந்து உண்டோம். சன்னலோர இருக்கையை மாமா எனக்கே கொடுத்தார்.

முதலில் பெரியப்பா உள்ளே போனார். வெளியே அம்மா என் காதில் சொன்னாள்: "மரத்துலேர்ந்து வுழுந்துட்டாருன்னு மட்டும் சொல்லு, இன்னா?"

என் பெயரை மூன்று முறை கூவி அழைத்தார்கள். கூண்டின் விளிம்பு என் கண்ணை மறைத்ததால் முக்காலி போட்டு ஏற்றினார்கள். அந்த உயரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நீதிபதியம்மா, பொய் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"பொய் சொன்னா மாமா வூட்டுக்கு வந்துடுவாருங்க. நெசம் சொன்னா ஜெயிலுக்குப் போய்டுவாருங்க."

நீதிமன்றமே சிரித்தது. நான் சொல்வதையெல்லாம் ஒருவர் தட்டச்சு செய்வதைக் கண்ட பூரிப்பில் என்னால் நிறுத்த இயலவில்லை. துரட்டுக்கோல், காலில் விழுந்தது, சாமை, ஒரே இலை என ஒன்றையும் விடவில்லை. மாமாவின் முகம் வெளுத்ததைக்கூட மேலிருந்து மகிழ்ச்சியோடு பார்த்தேன்.

நீதிபதி பெரியப்பாவை மறுபடி அழைத்து, விழுந்ததாக ஏன் சொன்னீர்கள் என்றார்.

"ஊர்ல ராசியாய்ட்டோம்ங்க. அத்த இங்க சொல்லக் கூடாதுன்னு நெனச்சோம்."

இத்தகைய வழக்கில், அடிபட்டவர் மனமொப்பி மனுக் கொடுத்தால் நீதிமன்ற அனுமதியோடு சமாதானம் ஆகலாம், சட்டத்திலேயே அதற்கு வழியுண்டு என்றார் நீதிபதி. பிறகு, கை இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுங்கம்மா."

மாலைக்குள் மாமா விடுதலையானார். அவரை விடுவித்தவள் நானே என்ற நிமிர்வோடு பேருந்தில் அமர்ந்திருந்தேன். பெரியப்பா கடலைமிட்டாய் வாங்கிவந்து இடக்கையால் நீட்டினார். இடக்கையால் கொடுப்பது அவமதிப்பு என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். கூண்டில் அவரைக் காட்டிக்கொடுத்த கோபம் போலும் என்றெண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வாங்கிக்க கண்ணு" என்றவர், அதை என் மடியில் வைத்துவிட்டு எதிர் இருக்கைக்குப் போனார்.

வண்டி முதல் வளைவில் சாய்ந்தது. எல்லாரும் கைக்குக் கிடைத்த கம்பியைப் பற்றினார்கள். பெரியப்பா உடலை முழுவதும் திருப்பி, வலப்பக்கமிருந்த கம்பியை இடக்கையால் எட்டிப் பிடித்தார். வலக்கை துண்டுக்கடியில் அப்படியே கிடந்தது. நானோ வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று அவர் கூண்டில் சொன்ன பொய்களில் ஒன்றைத்தான் நான் திருத்தியிருந்தேன்.